பனர் அடிக்க முந்தி மாமாவை ஒருக்காக் கேள்

தருமம் செய்யப் போறன் எண்டு வந்திருக்கிறாய் மருமோன். நல்ல விசயம். கனடாவில ரெண்டு வேலை செய்து சேர்த்த காசு வீணாப் போகக் கூடாது. அதால வன்னியில தருமம் செய்யிற முறையை மாமா முதல்லயே சொல்லித் தாறன், காதைக் குடு.

முதல் அலுவல் பனர் அடிக்கிறது. கிளிநொச்சி ரவுணில ஒரு மணித்தியாலத்தில அடிச்சுத் தருவாங்கள். வலப்பக்கம் உன்ர படம், கோட் சூட்டோட. இடப்பக்கம் காலஞ்சென்ற கொம்மாவின்ர படம். நடுவில 'வாழ்வாதார உதவி வழங்கும் நிகழ்வு' எண்டு பெரிய எழுத்து. உதவி வாங்கிற சனத்தின்ர படம் தேவையில்லை. அதுகள் நேரில வந்து வெயிலுக்க நிக்குங்கள்தானே. அதுக்குப் பிறகு கதிரை. பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் எண்டு மூண்டு தரம் இருக்குது, தரம் மாறி இருத்தினியோ, அடுத்த வருசம் பொதுநோக்கு மண்டபத்தின்ர திறப்பே கிடையாது. மாலை, மங்கள விளக்கு, பற்றீஸ், ரோல்ஸ், சோடா எல்லாம் கணக்குப் பாத்து முடிய, மிஞ்சிற காசில உதவி.

சிரிக்காதை. உந்தக் கூட்டங்களில கடைசி வாங்கில குந்தியிருந்து பற்றீஸ் திண்டவன் சொல்லுறன்.

2009க்குப் பிறகு எங்களுக்கு வராத உதவியில்லை. செட்டிகுளம் மெனிக்பாமில ரெண்டு லட்சத்துக்கு மேல சனம் முட்கம்பிக்குள்ள கிடந்ததை நீ ரீவியில பாத்திருப்பாய். 2012 புரட்டாதியிலதான் அதை முழுசா மூடினவங்கள். ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கேக்க தந்தது தறப்பாள், தகரம், மண்வெட்டி, கொட்டில் போட 25,000 ரூபா, ஆறு மாசத்துக்கு நிவாரணம். அந்த அரிசியும் பருப்பும் இல்லாட்டி நாங்கள் இல்லை. அதை நக்கலடிச்சால் வாய் அழுகும். என்ர பகிடி எல்லாம் அதுக்குப் பின்னால வந்த காலத்தைப் பற்றித்தான், தையல் மெசின் காலத்தைப் பற்றி.

முதல் வந்த நிறுவனம் பத்துப் பொம்பிளையளுக்குத் தையல் பழக்கி மெசினும் குடுத்தது. சரி, தேவைதான். பேந்து வந்தது இருபது பேருக்குக் குடுத்தது. அதுக்குப் பிறகு லண்டனில இருந்து ஒரு கோயில், பாரிசில இருந்து ஒரு பழைய மாணவர் சங்கம். கடைசியில எங்கட ஒழுங்கையில தைக்கத் தெரியாத பொம்பிளை ஒருத்தியும் இல்லை, தைக்கக் குடுக்கிற பொம்பிளையும் ஒருத்தியும் இல்லை. எல்லாரும் தையல்காரி எண்டால் ஆற்ற சட்டையை ஆர் தைக்கிறது? அங்கால கிளிநொச்சிச் சந்தையில போய்ப் பார், கொழும்பில இருந்து வந்த தைச்ச சட்டையைக் குவிச்சு வைச்சு, துணி விலைக்கே குடுக்கிறாங்கள்.

ஒழுங்கைக் கடைசி வீட்டில இருக்கிறாவே, அந்தப் பிள்ளையைத் தெரியுமோ? பிள்ளை எண்டால் ஐம்பதுக்குக் கிட்ட. எனக்குப் பிள்ளைதான். மனிசன் முள்ளிவாய்க்காலில போட்டான். அவவின்ர வீட்டில ஒரு பிளாஸ்ரிக் ஃபைல் இருக்குது, மழை ஒழுக்குப் படாமல் அரிசிப் பெட்டிக்கு மேல வைச்சிருக்கிறா. ஒருநாள் எடுத்துக் காட்டினா. தையல், காளான் வளர்ப்பு, கேக் ஐசிங், பத்திக், அழகுக்கலை, வீட்டுத்தோட்டம், கணக்கு வைப்பு, பெண்கள் தலைமைத்துவம். எல்லாத்துக்கும் சான்றிதழ், எல்லாத்திலயும் பொன் நிறக் கரை. கிளிநொச்சிக் கச்சேரியில இருக்கிற ஆக்களிட்டக்கூட இவ்வளவு படிப்பு இராது. காலமை ஐஞ்சரைக்கு அந்த ஃபைலை எடுத்த இடத்தில வைச்சிட்டு, தலைப்பாகை கட்டிக்கொண்டு கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போறா. தையல் மெசினுக்கு மேல ரீவி இருக்குது. வடிவா, உயரம் அளவா இருக்குது.

ஏன் காளான் வளர்க்கேல்லை எண்டு கேட்டன். வளர்த்தவ தானாம், வடிவா வந்ததாம். வாங்கிறதுக்கு ஆளில்லை. ஊர்ச் சனம் அதைப் பாத்திட்டு, மழைக்குப் புத்தடியில சும்மா கிடைக்கிறதுக்கு ஆர் காசு தாறது எண்டிட்டுதுகள். கேக் ஐசிங்குக்கு வீட்டில கரண்ட் அடுப்பு வேணும். கோழிக்குஞ்சு ஐம்பது குடுத்தவங்கள், தீனி விலை ஏறினவுடன கோழி ஐம்பதும் இவவைத் திண்டுதுகள். ஜமுனாபாரி ஆடு ஒண்டு வந்தது. அது பக்கத்து வளவு மரவள்ளியை முடிச்சதில விதானையாரிட்டப் பிணக்கு மட்டும் போகேல்லை, மற்ற எல்லாம் நடந்தது.

இதுக்குள்ள செயலமர்வு எண்டு ஒண்டு. காலமை ஒன்பது மணிக்கு எண்டு கடிதம் வரும், பதினொண்டுக்குத் தொடங்கும். வெள்ளைச் சேட்டுப் போட்ட தம்பி ஒருத்தன் வருவான், நல்ல பெடியன், வேர்த்து ஒழுகும். பெரிய தாளை விரிச்சு மார்க்கர் பேனையால நாலு பெட்டி கீறச் சொல்லுவான். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். எங்கட பிள்ளை அச்சுறுத்தல் எண்ட பெட்டிக்குள்ள 'யானை' எண்டு எழுதிப்போட்டா. "இல்லையம்மா, இது சந்தை அச்சுறுத்தல்" எண்டு தம்பி விளங்கப்படுத்துறான். அதுக்கு முதல் கிழமைதான் யானை வந்து பதினாலு வாழையைச் சரிச்சிட்டுப் போனது. இவ தலையாட்டி, யானையை வெட்டிப்போட்டு, தம்பி சொன்னதை எழுதினா. மத்தியானம் பாசல் வந்தது. அவ பாதியைத் திண்டு பாதியைப் பிள்ளைக்குக் கட்டிக்கொண்டு வந்தா. அண்டைக்குக் கூலி போச்சு. பயிற்சிக்கு வாற ஆளுக்கு ஒருநாட் கூலியைக் கையில குடுக்கவேணும் எண்டு ஒரு நிறுவனமாவது நினைச்சிருந்தால், அந்த யானையை நானே வரவேற்றிருப்பன்.

நீ கொண்டுவந்த திட்டத் தாளிலயும் 'தொழில் தெரியாத வறிய பெண்களுக்குத் தையல் மெசினும் பயிற்சியும்' எண்டு கிடக்குது. ஆருக்குத் தொழில் தெரியாது? அவவுக்கோ? கிடுகு பின்னுவா, நாத்து நடுவா, எந்த மண்ணில கச்சான் எத்தினை விரல் ஆழத்தில போடவேணும் எண்டு கால் வைச்சுப் பாத்துச் சொல்லுவா, ஆட்டுக்குக் குட்டி குறுக்க நிண்டால் கையை விட்டுத் திருப்புவா. விடிய நாலு மணி தொடங்கி ராத்திரி எட்டு மட்டும் வேலை செய்யிற ஆளுக்கு, வேலை செய்யப் பழக்கப் போறன் எண்டு கனடாவில இருந்து பிளேன் ஏறி வந்திருக்கிறாய். ஆம்பிளைக்கு ஒரு கூலி, அதே வயலில அதே வெயிலில நிக்கிற பொம்பிளைக்கு அதில அரைவாசிக்குக் கொஞ்சம் மேல. உந்த வித்தியாசத்தைப் பற்றி ஒரு செயலமர்வும் நான் காணேல்லை.

இனி, பயிற்சி எல்லாம் பழுது எண்டு நான் சொன்னதாப் போய்ப் பேஸ்புக்கில போடாதை. அறிவியல் நகரில 2016ல திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தை ஒருக்காப் போய்ப் பார். ஜேர்மன்காரன்ர காசு. மெசின் எல்லாம் உண்மையான மெசின், ரீவி வைக்கிறதுக்கில்லை. பெடியள் வாகனத்தைக் கழட்டிப் பூட்டுறாங்கள், மின்சாரம் படிக்கிறாங்கள். என்.வி.கியூ. எண்ட தொழில் தகைமைச் சான்றிதழில ஏழு படி இருக்குது, அந்தத் தாளுக்கு வெளியில மதிப்பிருக்குது. ஆனா அங்க போய்ச் சேருறதுக்குக் கொஞ்சம் படிச்சிருக்கவேணும், கூலிக்குப் போகாமல் மாசக்கணக்கில வீட்டில சோறு இருக்கவேணும், பஸ் இருக்கவேணும். துணுக்காய் உள்பக்கத்தில இருந்து ஒரு பெடியன் கிளிநொச்சிக்கு வந்து போறதுக்குள்ள அரை நாள் முடிஞ்சிடும். உன்னட்டக் காசு இருக்கெண்டால் அப்பிடி ரெண்டு பெடியளுக்கு அறை வாடகையும் சாப்பாடும் குடு. பனருக்கு அதில இடமில்லை, அதால ஆரும் செய்யிறதில்லை.

இன்னொண்டும் இருக்குது, கன பேருக்குத் தெரியாது. தொழில் தெரிஞ்ச ஆளைத் திருப்பிப் படிப்பிக்காமல், சோதிச்சுப் பாத்தே அந்த என்.வி.கியூ. தாளைக் குடுக்கலாம். எங்கட மேசன் ஒருத்தன் அப்பிடித்தான் எடுத்தான். இந்திய வீட்டுத்திட்டம் 2012ல பெரிசாத் தொடங்கேக்க, வீட்டுக்கு அஞ்சரை லட்சம், வடக்குக் கிழக்கு முழுக்க ஒரே நேரத்தில கட்டுமானம். அப்ப மேசனைக் கண்டால் சனம் எழும்பி நிக்கும். முந்தின நாள் மட்டும் மண்சுமந்தவன் எல்லாம் அடுத்த நாள் மேசன். அதுக்கும் பயிற்சி நடந்தது, சான்றிதழும் குடுத்தாங்கள். வீடெல்லாம் கட்டி முடிய மேசன் எல்லாரும் மதகில குந்தியிருந்து கடதாசி விளையாடினாங்கள். அஞ்சரை லட்சத்தில முடியாத வீட்டுக்கு நகையை அடைவு வைச்ச சனம் ஒருபக்கம், வேலை முடிஞ்ச மேசன்மார் மற்றப்பக்கம். இவன் மட்டும் தாளை எடுத்துக்கொண்டு கட்டாருக்குப் போட்டான். சோதனைக்குப் போறதுக்கு அவனுக்கு ஆரும் உதவேல்லை. மனிசியின்ர தோட்டை வித்தான்.

காமென்ஸ் இருக்குதுதானே எண்டு நீ கேட்பாய். ஓம், அறிவியல் நகரில எம்.ஏ.எஸ். காரர் வானவில், விடியல் எண்டு ஆடைத் தொழிற்சாலை நடத்துகினம், பேர் நல்ல பேர். விடியமுந்தி பஸ் வந்து ஒழுங்கை வாசலில கோன் அடிக்கும், பெட்டையள் கொண்டை காயாமல் ஓடி ஏறுவாளவை. மாசம் முடியச் சம்பளம் வருகுது, அதைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பெட்டைக்குச் சம்பளம் வரத் தொடங்கினதோட மாப்பிள்ளை வீட்டாற்ற சீதனக் கேள்வியும் ஏறினது. அதை மட்டும் கண்டனான்.

வன்னியில பொம்பிளையளுக்கு மரியாதையான சம்பளம் தந்த வேலை எது எண்டு சொல்லு பாப்பம். உனக்குத் தெரியாது. மிதிவெடி எடுக்கிறது. முகமாலைப் பக்கம் போனால் காணலாம், முகத்துக்குக் கண்ணாடி மறைப்பும் மார்புக்குக் கவசமும் போட்டுக்கொண்டு, வெயிலுக்க முழங்காலில இருந்து, மண்ணை அங்குலம் அங்குலமாச் சுரண்டுற பொம்பிளையள். கன பேர் மனிசனை இழந்ததுகள். அந்த வேலைக்கு ஒழுங்கான பயிற்சி குடுத்தாங்கள், ஒழுங்கான சம்பளம் குடுத்தாங்கள், காப்புறுதியும் குடுத்தாங்கள். அந்தச் சம்பளத்தில பிள்ளையளை யூனிவசிற்றிக்கு அனுப்பினதுகள் இருக்குதுகள். இலங்கை 2017 மார்கழியில மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில சேர்ந்தது, 2028 ஆனிக்குள்ள துப்புரவாக்கி முடிக்கவேணும் எண்டு கணக்கு. வேலையை எவ்வளவு திறமாச் செய்யினமோ அவ்வளவு கெதியா வேலை போயிடும். இப்பிடி ஒரு தொழிலைக் கடவுளும் பகிடிக்குத்தான் படைச்சிருப்பார். உந்தப் பொம்பிளையளுக்கு அடுத்தது என்ன எண்டு கேட்டால், கூட்டத்தில ஒரு அம்மா எழும்பிச் சொன்னா, "தையல் பயிற்சி யோசிக்கலாம்."

நான் எழும்பி வெத்திலை துப்பப் போட்டன்.

மருமோன், உனக்கு முன்னம் வேற ஆக்களும் வறுமையை ஒழிக்க வந்தவை. மோட்டச்சைக்கிளில, கழுத்துப்பட்டியோட. மெசினும் கோழியும் குடுத்து முடிய, தொழிலுக்கு முதல் வேணுமெண்டு சனம் அந்தரப்பட்ட நேரம் பாத்து நுண்கடன் வந்தது. நாங்கள் கிழமைக் காசு எண்டு சொல்லுறது. ஐஞ்சு பேர் சேர்ந்து கையெழுத்து வைக்கவேணும், ஒருத்தி கட்டாட்டி மற்ற நாலு பேரும் கட்டவேணும். ஒரு ஒழுங்கையில ஐஞ்சு சிநேகிதியளைப் பகையாக்க இதைவிடத் திறமான வழியை இயக்கமும் ஆமியும் சண்டைபிடிச்ச காலத்திலகூட நான் காணேல்லை. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். காசு வாங்க வாற பெடியன் பொழுதுபட்டும் முத்தத்துக் கதிரையை விட்டு எழும்பான். அவனுக்கும் மேலதிகாரி ஏசுவான், பாவம், அவனும் கூலிதான். 2018ல மங்கள சமரவீர நிதியமைச்சரா இருக்கேக்க, வரட்சி பிடிச்ச 12 மாவட்டத்துப் பொம்பிளையளுக்கு, லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனில தவணை தப்பினதைத் தள்ளுபடி செய்யிறம் எண்டாங்கள். வட்டி 35 வீதத்துக்கு மேல போகக் கூடாது எண்டும் ஒரு கட்டுப்பாடு போட்டாங்கள். முப்பத்தைஞ்சு! அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டம் எண்டால், அதுக்கு முந்தி என்ன வட்டி கட்டியிருப்பம் எண்டு நீயே நினைச்சுப் பார்.

சரி, அப்ப என்னதான் செய்யிறது எண்டு முகத்தைத் தூக்கிறாய். என்ர கதையைச் சொல்லுறன்.

எனக்கு ஆரும் தொழிற்பயிற்சி தந்ததில்லை. சிறிமா ஆட்சியில, 1970இல இருந்து 77 மட்டும், வெளியில இருந்து மிளகாய், வெங்காயம் வாறதை நிப்பாட்டி வைச்சிருந்தவ. கொழும்பில சனம் பாணுக்கு வரிசையில நிண்டு அவவைத் திட்டினது, அது உண்மை. ஆனா வன்னியில செத்தல் மிளகாய்க்கு விலை ஏறினது. விசுவமடு, முத்தையன்கட்டு இளைஞர் திட்டங்களில காணி எடுத்து வந்த பெடியள், பள்ளிக்கூடம் முடிச்சு உத்தியோகம் கிடைக்காமல் யாழ்ப்பாணத்தில மதிலில குந்தியிருந்தவங்கள்தான். காடு வெட்டினாங்கள், மலேரியாக் காய்ச்சலில நடுங்கினாங்கள், தண்ணி இறைச்சாங்கள். மூண்டாம் வருசம் உழவு மெசினோட ஊருக்குப் போய்ப் பொம்பிளை கேட்டாங்கள். கூலிக்கு வந்த சனத்துக்கும் கை நிறையக் கூலி, ஏனெண்டால் ஆள் போதாது. ஆள் போதாட்டி முதலாளி தானா மரியாதை பழகுவான், அதுக்கு ஒரு வளவாளரும் தேவையில்லை. 1977ல ஜே.ஆர். வந்து கதவைத் திறந்துவிட்டார். மிளகாய் கப்பலில வந்தது. அதே காணி, அதே தண்ணி, அதே கை. விலை மட்டும் விழுந்தது. அதோட நாங்களும் விழுந்தம். அந்த விழுகையில எங்களுக்குத் தொழில் மறந்து போச்சு எண்டு நீ நினைக்கிறியோ?

அதே 1977ல நடந்த இனக்கலவரத்தில தோட்டக்காட்டில இருந்து அடிபட்டு வந்த சனத்துக்கு வவுனியாவில காந்தியம் எண்டு ஒரு சங்கம் நிண்டது. கட்டடக் கலைஞர் டேவிட் ஐயா, டொக்டர் இராஜசுந்தரம். காணி தேடிக் குடுத்து, கிணறு வெட்ட வைச்சு, குடியிருத்தினவை. பயிற்சியும் குடுத்தவை மருமோன், நான் மறைக்கேல்லை. ஊர்ப் பெட்டையளுக்குப் பாலர் பள்ளி நடத்தப் பழக்கினவை. பழக்கின கையோட பள்ளிக்கூடத்தையும் குடுத்தவை, அங்க இருக்க வேண்டிய பிள்ளையளும் இருந்தவை. ஒழுங்கைக் கடைசிப் பிள்ளையின்ர தாய் தேப்பன் மாத்தளைப் பக்கத்தால அப்பிடி வந்ததுகள்தான். இவவும் அ, ஆ எழுதினது அந்தக் கொட்டிலுக்க இருந்துதான். 1983 சித்திரையில ரெண்டு பேரையும் பிடிச்சாங்கள். ஆடி 27ந் தேதி வெலிக்கடைச் சிறைக்குள்ள டொக்டரைக் கொலை செய்துபோட்டாங்கள். டேவிட் ஐயா தப்பிக் கன காலம் தமிழ்நாட்டில இருந்து, கடைசியில கிளிநொச்சிக்கு வந்து 2015ல கண்ணை மூடினார். அவையின்ர பேரில ஒரு பனர் நான் கண்டதில்லை.

அப்பிடி வந்து மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம் எண்டு இருந்த சனம்தான் எங்கட வயல் எல்லாத்தையும் நட்டது, களை பிடுங்கினது, வெட்டினது. இப்ப வெட்டு மெசின் வந்திட்டுது, அருவி வெட்டுக் கூலியும் போச்சு. காணிக்குப் பேர்மிற் இல்லாமல் கன வருசம் இழுபட்டதுகள். பேர்மிற் இல்லாட்டி வீட்டுத்திட்டமும் இல்லை. இதை எங்கட ஆக்கள் கூட்டத்தில கதைக்க மாட்டினம். ஏன் எண்டு கேளாதை, உன்ர வீட்டுக் கதையும் வந்திடும்.

கேட்டிட்டியோ? அப்ப இரு.

கொப்பற்ற உறுதிக் காணி எட்டேக்கர். ஆறேக்கர் வயல், ரெண்டேக்கர் மேட்டுக்காணி. வயலைக் குத்தகைக்குக் குடுத்திருக்கிறாய். போன வருசம் கனடாவில இருந்து போனெடுத்து, எல்லாச் சாமானும் விலையேறிப் போச்சு எண்டு குத்தகையைக் கூட்டினாய். குத்தகைக்காரன் என்ன செய்வான்? பசளை விலையைக் குறைக்க ஏலாது, டீசல் விலையைக் குறைக்க ஏலாது. களை பிடுங்கிற பொம்பிளையளின்ர கூலியில கை வைச்சான். ஒழுங்கைக் கடைசிப் பிள்ளையும் அந்த வயலிலதான் நிண்டவ. அவவின்ர கையால கழிச்ச காசு உன்ர பாங்குக் கணக்குக்கு வந்து, கனடாவுக்குப் போய், இப்ப தையல் மெசினா அவவிட்டத் திரும்பி வரப் போகுது. அதுக்கு அவ வெயிலுக்க நிண்டு கைதட்டவும் வேணும்.

கோவிக்காதை. மாமாவுக்கும் வயல் இருக்குது, மாமாவும் அந்தக் கூலியைத்தான் குடுத்தவர். பக்கத்து வயல்காரன் கூட்டினால் நானும் கூட்டுவன் எண்டு எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறம். நீ குத்தகையை இறக்கு, 'கூலி இவ்வளவு' எண்டு குத்தகைத் தாளில எழுது, ஆம்பிளைக்கும் பொம்பிளைக்கும் ஒண்டு. எங்களுக்குச் சாட்டுச் சொல்ல வழியில்லாமல் போகட்டும்.

காசு செலவழிச்சே தீருவன் எண்டு நிண்டியெண்டால், நெல்லுக் காயப்போடத் தளம் ஒண்டு போடு. நெல் சந்தைப்படுத்தும் சபை 2025 மாசியில நாட்டரிசி நெல்லுக் கிலோ 120 ரூபா எண்டு விலை சொன்னது. நல்ல விலை. ஆனா 14 வீத ஈரத்துக்கு மேல இருந்தால் எடுக்கமாட்டாங்கள். காயப்போட இடமில்லாத ஏழைக் கமக்காரன் றோட்டில பரப்புவான், மழை இருட்டினால் வயல் வரம்பிலயே லொறிக்காரனுக்கு ஈர நெல்லைச் சொன்ன விலைக்குக் குடுப்பான். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் செய்யிற சனத்துக்கு அந்த விலை வித்தியாசம்தான் பிள்ளையின்ர பள்ளிக்கூடச் சப்பாத்து. கமக்காரர் அமைப்பிட்டக் குடுத்தால் அவை பராமரிப்பினம். வேணுமெண்டால் தளத்தில கொம்மாவின்ர பேரைச் சீமெந்தில எழுது. நெல்லுக்குக் கீழ மறைஞ்சு கிடக்கும், அறுவடை இல்லாத மாசத்தில தெரியும்.

மேட்டுக்காணி ரெண்டேக்கரும் பத்தை பிடிச்சு, விடத்தலும் ஈச்சையும், ஆள் பூர ஏலாது. பன்றிக்குத்தான் அது தாய்வீடு. கிணறு தூர்ந்து கிடக்குது, இறைச்சுக் கட்டினால் தண்ணி இருக்குது, எனக்குத் தெரியும், நானும் கொப்பரும் வெட்டின கிணறு. அதைக் கச்சான் பிடுங்கப் போற அந்த ஐஞ்சாறு பொம்பிளையளுக்குக் குடு. விக்கச் சொல்லேல்லை, தானமாக் குடுக்கவும் சொல்லேல்லை, முகத்தைச் சுழிக்காதை. பத்து வருசத்துக்குக் குத்தகை, வருசம் ஒரு ரூபா. சங்கமாப் பதிஞ்சு எடுக்கட்டும். கூலிக்குப் பிடுங்கிற கச்சானைத் தங்கட காணியில பிடுங்கட்டும், கூட்டுறவுக்கால சேர்த்து விக்கட்டும். பயிற்சி வேணுமெண்டு கேட்டால் அப்ப வெள்ளைச் சேட்டுத் தம்பியைக் கூப்பிடுவம். யானைக்கு மின்சார வேலி போடுறது எப்பிடி எண்டு கேட்பினம், அவன் அதைப் படிச்சுக்கொண்டு வரட்டும்.

ஆனா வாய்ப்பேச்சில வேண்டாம். "நீங்கள் செய்யுங்கோ, நாங்கள் என்ன வரவே போறம்" எண்டு சொல்லிப்போட்டு வெளிநாடு போன ஆக்கள், சனம் பத்தை வெட்டிக் கிணறு இறைச்சுக் காணியைக் காணியாக்கின பிறகு வந்திறங்கி உறுதியைக் காட்டினதை நான் ஒண்டு ரெண்டு இடத்தில இல்லை, கன இடத்தில கண்டிட்டன். நீ நல்லவன்தான். உன்ர பிள்ளையள் எப்பிடியோ ஆர் கண்டது. ஒரு மாசத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு முடிச்சால்தான் செல்லும் எண்டு வெள்ளைக்காரன் 1840லயே சட்டம் எழுதி வைச்சிட்டான்.

நீ போறது வியாழக்கிழமை. திங்கள் காலமை பத்து மணிக்கு நொத்தாரிசு கந்தோரில இருப்பார், நான் சொல்லி வைச்சிட்டன். உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வா. அந்தப் பொம்பிளையளில ரெண்டு பேரும் கையெழுத்துக்கு வரவேணும், அவையின்ர அண்டைய கூலியையும் மறக்காமல் கொண்டு வா.